தொட்டிப் பக்கம் சாய்த்த குடை

பேரன் பேத்தி எடுத்துவிட்ட என் வயதுப் பெண்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆண்கள் கூட்டமாகக் குளிக்கிற இடத்தைத் தாண்டும்போது உங்களுக்கு இன்னமும் குமட்டுகிறதா? எனக்குக் குமட்டுகிறது. சமீபத்தில் ஒரு கோயிலுக்குப் போயிருந்தோம். குளத்தங்கரையில் இடுப்புத் துண்டோடு ஒரு கூட்டம் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டு நின்றது. நல்ல பிள்ளைகள், யாரையும் தொந்தரவு செய்யவில்லை. என் வலது கை மட்டும் தானாகத் தோளுக்கு மேலே போய் நின்றுவிட்டது. “என்னங்கத்தை, கொசுவா?” என்று கேட்டாள் மருமகள். ஆமாம், கொசுதான் என்று சொல்லி வைத்தேன். இந்தக் கதையை மருமகளிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

எண்பதுகள் தொடங்கிய சமயம் அது. மல்லசமுத்திரம் போகிற ரோட்டிலிருந்து உள்ளடங்கி இருந்தது எங்கள் தோட்டம். அப்பா, பெரியப்பா, இன்னும் இரண்டு பங்காளிக் குடும்பங்கள், எல்லோரும் கூப்பிடு தூரத்தில் அவரவர் காட்டுக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ரோட்டுக்கு வர ஒரே ஒரு இட்டேரிதான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டு வண்டி போகிற அகலத்தில் மண் தடம். அந்தத் தடம் ரோட்டில் ஏறுகிற மூலையில் பெரியப்பாவின் கிணறு, பம்புசெட்டு ரூம், அதை ஒட்டி சிமெண்டுத் தொட்டி. பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளையும் தொட்டியை உரசாத குறையாகத்தான் ரோடு ஏற முடியும்.

பம்புசெட்டுக்கு அப்போது முறை வைத்துக் கரண்டு விடுவார்கள். ஒரு வாரம் ராத்திரி, ஒரு வாரம் பகல். ராத்திரி முறை வந்தால் எங்களுக்குத் திருவிழாதான், தொட்டி காலையில் காலியாகக் கிடக்கும். பகல் முறை என்றால் தொலைந்தோம். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டு ஆம்பிளைகள், பக்கத்துக் காட்டு ஆம்பிளைகள் அத்தனை பேரும் வேட்டியை ரூம் கதவில் தொங்கவிட்டுவிட்டுக் கோவணத்தோடு வந்து நிற்பார்கள். சரியாகப் பள்ளிக்கூட நேரம்.

அந்தக் காட்சியை அழகாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பம்புசெட்டுக் குளியல் என்றதும் கண்ணில் நீர் வந்துவிடும் அவர்களுக்கு. அவர்கள் யாரும் அந்தப் பக்கமாகப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போகவில்லை. தலைக்கு வைத்த விளக்கெண்ணெய் அரப்பு இலைத் தூளோடு சேர்ந்து பச்சை நுரையாகத் தொடை வழியே இறங்கும். ஒருவர் முதுகை ஒருவர் காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டால் பறட்டுப் பறட்டென்று தேய்ப்பார்கள். தொண்டையைக் காறிக் காறி வாய்க்காலில் துப்புவார்கள். மூக்கைச் சிந்தித் தொட்டிச் சுவரில் தடவுவார்கள். கடைசியில் கோவணத்தை அவிழ்த்து அலசிப் பிழிந்து மறுபடி கட்டுவது ஒன்று உண்டு. அதற்கு ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் போதும் என்பது அவர்கள் கணக்கு. குளித்த தண்ணீர் முழுக்க இட்டேரியை அறுத்துக்கொண்டு ஓடும். செருப்பில்லாத காலோடு அந்தத் தண்ணீரை மிதித்துத்தான் நான் படிக்கப் போனேன். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பாதத்தைப் பார்த்தால் விரலிடுக்கில் யாருடைய அரப்போ ஒட்டியிருக்கும்.

இதற்குப் பெரியவர்கள் கண்டுபிடித்த வழி குடை. எங்கள் தோட்டங்களில் பெரிய பள்ளிக்கூடம் போகிற பெண் என்றால் கையில் ஒரு கறுப்புக் குடை இருக்க வேண்டும். இட்டேரி முனையில் அதை விரித்து, தொட்டிப் பக்கமாகச் சாய்த்து, தோளோடு அணைத்துப் பிடித்தபடி தாண்ட வேண்டும். ரோடு ஏறியதும் மடக்கிவிட வேண்டும். அதற்கப்புறம் மண்டை வெடிக்கிற வெயில் அடித்தாலும் விரிக்கக் கூடாது, துணி வெளுத்துப் போகும் என்று அம்மா திட்டுவார்.

“அவங்க ஒரு வேட்டியச் சுத்திட்டுக் குளிக்கக் கூடாதாம்மா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஆம்பளைக்கு என்ன சாமி? பாக்கறவளுக்குத்தான் கூச்சம் வேணும்” என்றார் அம்மா. எங்கள் பக்கம் பிள்ளைகளைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அம்மா குளித்தது மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால், தென்னை ஓலைத் தடுக்குக்குள், கோழி கூவுவதற்கு முன்னால், நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிய பாவாடையோடு. தன் உடம்பைப் பகல் வெளிச்சத்தில் அவரே பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். அம்மாவுக்கு இதில் எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

பெரியப்பா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். பெரியவளானதும் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னையும் நிறுத்தியிருக்க வேண்டும். கணக்கிலும் அறிவியலிலும் நான் முதலாவதாக வந்துகொண்டிருந்ததால் அப்பா தயங்கித் தயங்கிப் பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பாவும் மனம் இளகி ஒரு நிபந்தனை போட்டார். “போகட்டும். ஒரு சொல்லு வந்துதுன்னா அன்னைக்கே நிறுத்திப்புடுவேன், பாத்துக்க.” அந்த ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்றுதான் குடையை அத்தனை பத்திரமாகச் சாய்த்தேன். என் படிப்பு முழுக்க அந்தக் குடைக் காம்பில் இருந்தது.

அறிவியல் டீச்சர் தாமிரபரணிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த புதிதில் என் குடையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்னட்டி இது, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. தெனமும் குடையத் தூக்கிட்டு வாற?”

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“எங்க ஊர்ல ஆத்துல ஆம்பளைக்குத் தனிப் படித்துறை, பொம்பளைக்குத் தனிப் படித்துறை. அங்கனயும் துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் எறங்குவான். கோவணத்தோட எவனாவது ரோட்டோரம் நின்னா எங்கம்மை வெளக்கமாத்த எடுத்துருவா.”

அப்படியொரு ஊர் இருக்க முடியும் என்பதே எனக்குப் புதிய செய்தி. ஆம்பிளை என்றால் உலகம் முழுக்க இப்படித்தான் நிற்பான் என்று நினைத்திருந்தேன். பத்தாவதில் நல்ல மார்க் எடு, சேலத்தில் நர்சு படிப்பில் சேர்க்க நானே கூட வருகிறேன் என்று டீச்சர் சொன்னதும் அந்த நாட்களில்தான். வெள்ளை உடுப்பு, வெள்ளை ஷூ. ஷூ போட்ட கால் எந்த நுரையையும் மிதிக்க வேண்டாம் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

தை மாதம். பகல் முறைக் கரண்டு. நான் சாப்பிட்டுவிட்டு இட்டேரியில் பாதி தூரம் வந்திருப்பேன், தொட்டிப் பக்கம் ஒரே கூச்சல். அதற்குச் சற்று முன்னால் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி, சேலத்துப் பக்கமிருந்து அம்மணச் சாமியார்கள் நடந்து வருகிறார்கள் என்று கண்டக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சமணத் துறவிகள், விஜயமங்கலத்துப் பழைய கோயிலுக்குப் போகிறவர்கள். வண்டி வாகனம் ஏறுவதில்லை, நடைதான். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தொட்டியில் நின்றவர்களுக்குத் தெரிந்தது அம்மணம் என்கிற ஒரு வார்த்தை மட்டும்தான்.

“பொம்பளப் புள்ளைக நடக்கற ரோட்டுல என்னடா அக்குருமம் இது? மானம் மரியாத வேண்டாமா?” பெரியப்பாவின் குரல்.

நான் இட்டேரி முனைக்கு வந்தபோது அவர்கள் எல்லோரும் ரோட்டை மறித்து நின்றுகொண்டிருந்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட, தலையில் அரப்போடு, கோவணத்தோடு. ஒருவர் கையில் மண்வெட்டி, ஒருவர் கையில் மாட்டுக் கோல். ஒரு பங்காளிச் சித்தப்பா பாதி அலசலில் ஓடிவந்திருக்கிறார். கோவணத்தைக் கட்ட நேரமில்லாமல் இடது கையால் முன்னால் பிடித்துக்கொண்டு வலது கையில் தடியை ஓங்கியிருந்தார். மானத்தைக் காப்பாற்ற வந்த படை அது.

எதிரே இரண்டு துறவிகள். முன்னால் நின்றவர் வயதானவர், விலா எலும்பு தெரிகிற உடம்பு, கையில் மயில்பீலிக் கட்டு. பார்வை தரையில் இருந்தது. பின்னால் வெள்ளை வேட்டி கட்டிய நாலைந்து பேரும், முக்காடு போட்ட இரண்டு பெண்களும். அந்தப் பெண்களைத்தான் நான் வாயைப் பிளந்து பார்த்தேன். என் அம்மா வயது இருக்கும். கோயில் தேருக்குப் பின்னால் போகிறவர்களைப் போல நிம்மதியாக நின்றார்கள். அவர்கள் முகத்தில் கூச்சம் இல்லை, பயம் இல்லை, தலையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் கை கூப்பினார். “ஐயா, இவர் எல்லாத்தையும் விட்டவர். துணியையும் விட்டவர். கொஞ்சம் வழி விடுங்க, நாங்க பாட்டுக்குப் போயிடறோம்.”

“எல்லாத்தையும் உட்டவருன்னா காட்டுக்குப் போகச் சொல்லுங்க. இது குடும்பம் நடத்தற ஊரு” என்றார் பெரியப்பா.

அந்த மனிதர் பெரியப்பாவைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கினாரா, துக்கத்தை அடக்கினாரா, தெரியவில்லை.

யாரோ ஒரு ஈர மண்ணாங்கட்டியை எறிந்தார்கள். அது வயதான துறவியின் தோளில் பட்டு உடைந்து மார்பில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக் கண்ணை மூடி அப்படியே அசையாமல் நின்றுவிட்டார். மற்றவரும் அப்படியே நின்றார். சண்டைக்கு வந்தால் சண்டை போடலாம், ஓடினால் துரத்தலாம். நிற்கிற ஆளை என்ன செய்வதென்று எங்கள் ஆம்பிளைகளுக்குத் தெரியவில்லை. தை மாதக் காற்று வேறு. ஈரக் கோவணத்தோடு எவ்வளவு நேரம் நிற்க முடியும்? முதலில் சித்தப்பாவின் பல் கிட்டியது. பிறகு ஒவ்வொருவராக உடம்பைக் கட்டிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தார்கள். துறவிகளுக்கு ஒரு சிலிர்ப்பும் இல்லை.

நான் இதையெல்லாம் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குடை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதில்தான் என் தலையெழுத்து இருந்தது. கை பழகிய வேலையைச் செய்திருந்தது. கோவணங்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டது. அப்படியானால் என் முகம் துறவிகள் பக்கம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்தது அந்த வயதான துறவியின் பாதங்களை. வெடித்து, காய்ப்புக் காய்த்து, புழுதி படிந்த பாதங்கள். எனக்குக் குமட்டவில்லை. அந்த உடம்பு யாரையும் மிரட்டவில்லை, யாரையும் ஒதுங்கிப் போகச் சொல்லவில்லை. ரோட்டின் இந்தப் பக்கம் நின்ற உடம்புகள்தான் என்னைத் தினமும் ஒதுக்கின.

“அண்ணா, உங்க தம்பி மகளப் பாருங்க” என்றார் நடுங்கிக்கொண்டிருந்த சித்தப்பா. “நம்மள மறச்சுக்கிட்டு அவனப் பாத்துட்டு நிக்கறா.”

வந்துவிட்டது அந்த ஒரு சொல்.

பெரியப்பா திரும்பினார். துறவியை ஒன்றும் செய்ய முடியாமல் திரண்டிருந்த கோபம் அத்தனைக்கும் ஒரு போக்கிடம் கிடைத்தது. “ஊட்டுக்குப் போ” என்றார். கத்தவில்லை. நான் திரும்பி நடந்தேன். கொஞ்ச நேரத்தில் குளிர் தாங்காமல் அவர்களும் தொட்டிக்குத் திரும்பிவிட்டார்கள். துறவிகள் தங்கள் வழியில் போனார்களாம். அன்று முழுக்க வீடுகளில், சாமியார்களைத் துரத்தியடித்ததாகத்தான் பேச்சு.

கல்யாணமான பிறகு ஒருமுறை என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். ரிக் லாரியில் வடக்கே ஊர் ஊராகப் போய்ப் போர்க் கிணறு போட்டவர். “அங்கெல்லாம் அவங்க வந்தா ஊரே ரோட்டக் கூட்டி, கால்ல உழுந்து கும்புடுது. நம்மூர்ல மண்ணாங்கட்டி எறிஞ்சாங்களா?” என்று சிரித்தார். ரிக்கில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் டேங்கர் குழாயடியில் எப்படிக் குளித்தார்கள் என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் படிப்பு நின்றுபோனது டீச்சருக்குத் தெரிந்து, அந்தச் சனிக்கிழமையே வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை, முடிவெடுப்பது யார் என்று விசாரித்துக்கொண்டு நேராகப் பெரியப்பா வாசலுக்கு வந்தார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நாள். பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் கோவணத்தோடு, உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா வேப்பமரத்தடியில் நின்றார், அண்ணன் முன்னால் உட்கார மாட்டார். நான் கதவுக்குப் பின்னால்.

“வாங்க டீச்சர், ஒக்காருங்க. மோர் சாப்படறீங்களா?” மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

டீச்சர் மோர் வேண்டாமென்றார். பிள்ளை நன்றாகப் படிக்கிறவள், இன்னும் ஒரு வருஷம்தான் என்றார். தொட்டியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் வைத்துவிட்டால் எந்தப் பிரச்சினையும் இல்லையே என்றார்.

பெரியப்பா சிரித்துவிட்டார். “ஆம்பள குளிக்கறதுக்கு மறப்புக் கட்டுன ஊரு எங்கீங்க இருக்குது?”

“அந்தச் சாமியார் துணியில்லாம வந்தது தப்புன்னு மறிச்சீங்கள்லா? நீங்க தெனமும் இப்படி நிக்கது மட்டும் பிள்ளைகளுக்கு ஆகுமா?”

“என்னங்க டீச்சர், படிச்சவீங்க இப்படிப் பேசறீங்க? நாங்க கோவணங் கட்டியிருக்கறமுங்க. அவன் அதுவும் இல்லீங்களே. அங்கதானுங்க மானம் இருக்குது.”

நாலு விரல் அகலத் துணி. அதில்தான் இருந்தது எங்கள் குடும்ப மானம் மொத்தமும்.

எங்கள் பெண்கள் யாரும் செய்யாத ஒன்றை டீச்சர் செய்தார். முகத்தைத் திருப்பாமல், தரையைப் பார்க்காமல், எதிரில் உட்கார்ந்திருக்கிற மனிதரை நேராகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். கொஞ்ச நேரம்தான். பெரியப்பா காலை மாற்றிப் போட்டார். தொண்டையைச் செருமினார். தோளில் கிடந்த துண்டு மெதுவாக மடிக்கு இறங்கியது. பிறகு அதுவும் போதாமல், “இந்தா, அந்த வேட்டிய எடுத்துட்டு வா” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். பெரியம்மா கொண்டுவந்து கொடுக்க, எண்ணெய் உடம்போடு எழுந்து சுற்றிக் கட்டிக்கொண்டார். என் பெரியப்பா ஒரு பெண்ணின் முன்னால் கூசியதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

வேட்டியோடு உட்கார்ந்ததும் அவருக்குப் பழைய தோரணை வந்துவிட்டது. “புள்ள இனி ஊட்டோட இருக்கட்டுங்க. நீங்க போயிட்டு வாங்க.”

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். “பெத்தவர் நீங்க சொல்லுங்க.”

“அண்ணன் சொன்னாச் செரிங்க” என்றார் அப்பா, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு அன்று பெரியப்பா மேல் வந்ததைவிட அதிகமான அருவருப்பு அப்பா மேல் வந்தது. முழு வேட்டி, முழுக்கைச் சட்டை, பொத்தான் எல்லாம் போட்டிருந்தார். என்ன பிரயோசனம்?

ஒரு வாரம் ராத்திரி முறை போய், அடுத்த திங்கட்கிழமை காலை மோட்டார் சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா தூக்குப்போசியில் காப்பியை ஊற்றி, டம்ளர்களை அடுக்கி என் கையில் கொடுத்தார்.

“தொட்டியில எல்லாரும் குளிச்சுட்டு இருப்பாங்க. குடுத்துட்டு வா சாமி.”

“அங்கயாம்மா?”

“நம்ம தொட்டிதான? போயிட்டு வா.”

போனேன். அவர்கள் எல்லோரும் இருந்தார்கள், அதே நுரையோடு, அதே கோவணத்தோடு. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லவில்லை. ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். பெரியப்பா ஈரக் கையோடு டம்ளரை நீட்டி, “இன்னுங் கொஞ்சம் ஊத்து சாமி” என்றார். ஊற்றினேன். கல்யாணமாகிப் போகிறவரை, பகல் முறை வந்த வாரங்களில் எல்லாம் தினமும் போய் ஊற்றினேன்.